மேசைக்கடியில் நாற்பது நிமிடம்

"சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்க அண்ணே" என்று நம் டெக்னீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். எதைப் பற்றி என்று அப்பாவியாகக் கேட்டேன். "வேற எது, மேசைக்கடி கதைதான்" என்று ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பதில் போட்டார்கள். கம்பம் ஏறியிருக்கிறேன், சாக்கடைக்குள் இறங்கி கேபிள் இழுத்திருக்கிறேன், புயலுக்கு மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று லைன் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. ஏழுமலை என்றால் மேசைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த ஆள். அவ்வளவுதான் இந்த ஊரில் என் கீர்த்தி.

கம்பெனி இப்போது புதிதாக ஒரு ஆப் கொடுத்திருக்கிறதாம். வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் வை-ஃபை பெட்டிகளை ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்த்து, எந்தப் பெட்டிக்கு சுகம், எந்தப் பெட்டிக்கு ஜுரம் என்று சொல்லிவிடுமாம். நல்ல விஷயம். பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் என் முட்டி பிழைத்திருக்கும். ஆனால் அந்த மேசைக்கடி கதை நடந்த மதாம் கிளேர் வீட்டில் அந்த ஆப் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "எல்லாம் சுகம்" என்றுதான் சொல்லியிருக்கும். அதை நானே மூன்று தடவை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பெட்ரோல் செலவழித்து.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்தேன். முதல் மாதம் கம்பத்தில் ஏறக் கற்றுக்கொண்டேன், இரண்டாம் மாதம் இறங்க. நடுவில் கொஞ்ச நாள் மேலேயே இருந்ததாகக் கூட இருந்தவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். பிறகு கம்பி போய் கேபிள் வந்தது, கேபிள் போய் கண்ணாடி இழை வந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரு தனியார் இன்டர்நெட் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேதான் கலியபெருமாள் சாரிடம் மாட்டினேன்.

கலியபெருமாள் சார் எங்கள் சூப்பர்வைசர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், பத்து மடங்கு பொறுமைசாலி. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "வாடா ஏழுமலை" என்றால் எல்லாம் நலம். "வா ஏழுமலை" என்றால் ஏதோ புகார். "வாங்க அய்யா, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு நான் தொலைந்தேன்.

எந்தப் புகாருக்குப் போய்விட்டு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். எங்கே உட்கார்ந்திருக்கும்போது கட் ஆச்சு? எத்தனை மணிக்கு? அப்போ அவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க? பெட்டியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "பெட்டி பொய் சொல்லாது சார்" என்று ஒரு தடவை நான் வீராப்பாகச் சொன்னேன். "பெட்டி பொய் சொல்லாதுடா. ஆனா நீ பார்க்கிறப்ப நடக்கிறதை மட்டும்தான் அது சொல்லும்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அதில் நான் கெட்டிக்காரன்.

நாங்கள் வீடுகளில் போட்டுக் கொடுக்கும் மெஷ் வை-ஃபை பெரிய மந்திரமில்லை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியிலிருந்து ஒருத்தர் கூடையை எடுத்துக் கொடுப்பார், அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவர் கையில் கொடுப்பார், அப்படியே படகு வரைக்கும் போகும். மெஷ்ஷும் அதேதான். வீட்டு வாசலில் லைன் வந்து சேரும் இடத்தில் ஒரு பெட்டி. அது நடுக்கூடத்துப் பெட்டிக்குக் கொடுக்கும், நடுக்கூடத்துப் பெட்டி பின்கட்டுப் பெட்டிக்குக் கொடுக்கும். கம்பி கிடையாது, எல்லாம் காற்று வழி. கை எட்டும் தூரத்தில் நின்றால் கூடை ஓடும். நடுவில் ஒருத்தர் கையை எடுத்தால் கூடை கீழே. பெட்டியில் வெள்ளை விளக்கு எரிந்தால் கை எட்டுகிறது என்று அர்த்தம். ஆரஞ்சு எரிந்தால் எட்டவில்லை.

பெரும்பாலான வீடுகளில் கோளாறு பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டில் தினமும் சாயங்காலம் நெட் போகும். போய்ப் பார்த்தால், நடுப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தது. "இன்னாக்கா இது?" என்றேன். "அரைச்சு முடிச்சதும் திருப்பிச் சொருகிடுவேன் தம்பி, நான் நாணயமானவ" என்றது. இன்னொரு வீட்டில் பெட்டியின் வெளிச்சம் அழகாக இருக்கிறதென்று மாதா சுரூபத்துக்குப் பின்னால், எவர்சில்வர் தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். மாதாவுக்கு ஒளிவட்டம் வந்தது, மாடிக்கு நெட் வரவில்லை. இப்படிப்பட்ட வெற்றிகளால்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அந்தத் தலைக்கனத்தோடுதான் மதாம் கிளேர் வீட்டுக்குப் போனேன்.

கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே, பழைய வீடு. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர், இரண்டு முழம் கனம். செல்போன் சிக்னல் வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடும். மதாமின் கணவர் முசே அந்த்ரே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்குகிறார், முதுகு இன்னும் வளையவில்லை. அரைக்கால் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு உடுத்துவார்.

இந்த மாதிரி வீட்டுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு என் அப்பா ஞாபகம் வரும். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, விருப்பப்பட்டவர்கள் அவர்கள் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் அப்பா கடைசி நாள் வரைக்கும் யோசித்தார். கடைசி நாள் காலையில் கிளம்பியும் விட்டார். போகிற வழியில் நல்ல கொடுவா வந்திருக்கிறதென்று யாரோ சொல்ல, மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒரு கொடுவாவுக்காகப் பாரிசை விட்ட குடும்பம் நாங்கள். குழம்பு நன்றாக இருந்ததாம்.

மதாம் கிளேரின் வேலை மொழிபெயர்ப்பு. எழுதுவதில்லை, பேசுவது. பிரான்சில் ஆஸ்பத்திரிக்கு வரும் தமிழ் ஆட்களுக்கு பிரெஞ்சு தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் வீடியோவில் மதாம் உட்கார்ந்து அவர் சொல்வதை இவருக்கும், இவர் சொல்வதை அவருக்கும் சொல்வார். அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம். பின்கட்டில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் வெள்ளைச் சுவர். அவ்வளவுதான் அவர் ஆபீஸ்.

"முசே ஏழுமலை, பத்து நிமிஷம் நல்லாப் போகுது. அப்புறம் அப்படியே உறைஞ்சு நிக்குது. நான் கத்துறேன், அங்க பேசுறவங்க முழிக்கிறாங்க. போன வாரம் ஒருத்தருக்கு ஆபரேஷன் விஷயம். பாதியில போச்சு" என்றார். அவர் கம்பெனியிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. மூன்றாம் தடவை நடுவில் கட் ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். "பென்ஷன் இருக்கே, எதுக்கு இந்த வேலைன்னு எல்லாரும் கேக்குறாங்க. அந்த ஜனங்க வயித்து வலியைச் சொல்லத் தெரியாம கைய கைய ஆட்டுறதைப் பார்த்தா நீங்க இப்படிக் கேக்கமாட்டீங்க."

நான் கேட்கவில்லை. "கவலையே படாதீங்க மதாம், இன்னையோட சரி" என்றேன். இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் சொன்ன ஒவ்வொரு தடவையும் மறுபடி போக வேண்டி வந்திருக்கிறது.

நான் அந்த அறைக்குள் நுழைந்ததும் முசே அந்த்ரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் திறந்திருந்த கதவுக்கு அண்டை கொடுத்து, நிலைப்படியிலேயே போட்டு உட்கார்ந்தார். "தப்பா நினைக்காதீங்க. வெளி ஆம்பளை அறைக்குள்ள இருந்தா கதவு தொறந்திருக்கணும். எங்க வீட்டு வழக்கம், எங்கப்பா காலத்துலேர்ந்து" என்றார். இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? காப்பியும் கொடுத்தார். அழகான கதவு அது. மெரூன் கலர் ரெக்சின் போட்டு, உள்ளே மெத்தை வைத்து, பித்தளைக் குமிழ் அடித்து, சோபாவை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. "பிரமாதமான வேலை" என்று அதன்மேல் சாய்ந்துகொண்டே பாராட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பெட்டியைப் பார்த்தேன். வெள்ளை விளக்கு. வேகம் பார்த்தேன், குதிரை மாதிரி ஓடியது. பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் ஏகப்பட்ட வை-ஃபை இருந்ததால் சேனலை மாற்றினேன். "சரியாயிடுச்சு" என்றேன். மறுநாளே மறுபடி உறைந்தது, நல்ல வேளை கட் ஆகவில்லை.

இரண்டாம் தடவை போனேன். நாற்காலி, காப்பி, வெள்ளை விளக்கு. சாப்ட்வேரைப் புதுப்பித்தேன், அதுவும் போதாதென்று பெட்டியையே மாற்றினேன். "சரியாயிடுச்சு." இரண்டு நாள் கழித்து, நடுவில் உறைந்து பயமுறுத்திவிட்டு, கட்டாகாமல் நூலிழையில் தப்பித்தது. மதாம் பதறிப்போய் அறையை விட்டு ஓடிவந்து கூடத்துப் பெட்டியைப் பார்த்தால் வெள்ளை. திரும்பிப் போய் உள்பெட்டியைப் பார்த்தால் அதுவும் வெள்ளை. அந்த வீட்டில் ஆரஞ்சு விளக்கை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

மூன்றாம் தடவைதான் என் வாழ்க்கையின் உச்சம். ஒன்றும் புரியாதபோது புரிந்தவன் மாதிரி பேசுவது ஒரு கலை. "கடல்ல போற கப்பல்ல ரேடார் இருக்கு முசே. அதோட அலையும் நம்ம வை-ஃபை அலையும் சில சமயம் மோதும். பெட்டி மரியாதையா ஒதுங்கிடும்" என்றேன். விஷயம் பொய்யில்லை, அப்படி ஒன்று உண்டு. இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. முசே அந்த்ரே பட்டாளத்துக்காரர். மறுநாளிலிருந்து பைனாகுலரும் நோட்டுமாகக் கடற்கரை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் கழித்து ஆபீசுக்கே வந்து நோட்டைக் கலியபெருமாள் சார் மேசையில் வைத்தார். "கப்பல்: இல்லை. இணைப்பு உறைந்தது: இரண்டு முறை" என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து, நேரம் எல்லாம் பக்காவாக இருந்தது.

"வாங்க அய்யா, உட்காருங்க" என்றார் கலியபெருமாள் சார் என்னைப் பார்த்து. "தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன்.

"எங்க உட்கார்ந்திருக்கும்போது?" "பின்கட்டு அறையில சார்." "எத்தனை மணிக்கு?" "மத்தியானம், வேலை நேரத்துல." "அப்போ அவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" "வேலைதான் சார்." "அவங்க வேலை செய்யுறப்ப நீங்க பார்த்திருக்கீங்களா அய்யா?" "அது எப்படி சார், ரகசியம். அந்த நேரத்துல புருஷனையே உள்ள விடமாட்டாங்களாம்." சார் நோட்டை மூடி வைத்தார். "அப்போ நீங்க இதுவரைக்கும் அந்த வீட்டுக் கோளாறைப் பார்க்கவே போகலைங்க. காப்பி குடிக்கப் போயிருக்கீங்க" என்றார்.

நாலாம் தடவை போனேன். மதாமுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேலை. நான் மேசைக்கடியில் தவழ்ந்து போய், கீழ்த்தட்டில் இருந்த பெட்டியின் பிளக் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முசே அந்த்ரே நாற்காலியில் காவல். "காப்பி கொண்டாரேன்" என்று எழுந்து போனார்.

அந்த நேரம் பார்த்து மேலே கம்ப்யூட்டர் அலறியது. அவசரக் கூப்பாடு, உடனே எடுத்தாக வேண்டும். மதாம் சமையலறையிலிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. காலி நாற்காலியைப் பார்த்ததும் நானும் முசேவோடு எழுந்து போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். நாற்காலியை வெளியே தள்ளினார், கதவு ஸ்பிரிங்கில் தானாக வந்து மூடிக்கொண்டது. "போன்ழூர் தொக்தேர்" என்றார். வணக்கம் டாக்டர்.

நான் அவர் கால் விரலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தேன்.

வெளியே வரலாமா? வந்தால் கேமராவில் ஒரு வழுக்கைத் தலை முளைக்கும். இருமலாமா? அங்கே நோயாளி பயந்துவிடுவார். காதில் விரலை வைத்துக்கொண்டு, தெரிந்த ஜெபம், சுலோகம், கந்த சஷ்டி எல்லாவற்றையும் கலந்து மனசுக்குள் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இருந்த பெட்டியில் வெள்ளை விளக்கு மெல்ல மங்கி ஆரஞ்சாகியது.

மூன்று தடவை வந்தும் காணாத அந்த விளக்கு! அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏன் இப்போது? என்ன மாறியது? கலியபெருமாள் சார் காதுக்குள் வந்து கேட்கிற மாதிரியே இருந்தது. அவங்க என்ன பண்ணிக்கிட்டிருக்காங்க? கதவைச் சாத்திக்கிட்டிருக்காங்க சார். படுத்த வாக்கில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கதவின் உள்பக்கம், அடி ஓரத்தில் ரெக்சின் கொஞ்சம் பிய்ந்திருந்தது. உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள். கூரையில் வெயில் தாங்க ஒட்டுவார்களே, அந்த ஷீட். வெயில் மாதிரியே வை-ஃபை அலையும் அதைத் தாண்டாது. சத்தம் வெளியே போகக்கூடாது என்று மதாம் மெத்தை போடச் சொல்ல, மீந்துபோன கூரை ஷீட்டை ஆசாரி உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். இரண்டு முழச் சுவரில் அலை உள்ளே வர ஒரே வழி அந்தக் கதவுதான். அதைச் சாத்தினால் அறையே டிபன் டப்பா. பெட்டி பத்து நிமிஷம் தத்தளித்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிடும். மதாம் பதறிக் கதவைத் திறந்து ஓடிவருவார், உடனே வெள்ளை. நான் வந்தாலோ நாற்காலி வரும், கதவு திறந்தே இருக்கும், அப்போதும் வெள்ளை.

மேலே மதாமின் குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. "அலோ? அலோ?" என்றார். மூன்றாவது கட் இதோ வருகிறது.

யோசிக்கவில்லை. வலது காலைப் பின்னால் நீட்டி, எட்டும் தூரத்தில் இருந்த கதவைப் பெருவிரலால் தள்ளினேன். ஒரு சாண் திறந்தது. விளக்கு ஆரஞ்சில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு வெள்ளையானது. மதாமின் குரல் மறுபடி ஓடத் தொடங்கியது. காலை எடுத்தால் ஸ்பிரிங் கதவை மூடிவிடும். எடுக்கவில்லை.

இப்போது முசே அந்த்ரே பக்கத்திலிருந்து பாருங்கள். கையில் காப்பியோடு வருகிறார். மனைவி வேலை செய்யும் அறைக் கதவிடுக்கில் ஒரு ஆம்பளைக் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. வேறு யாராவது என்றால் காப்பியைக் காலில் ஊற்றியிருப்பார்கள். அவர் ஸ்பூனால் என் விரலில் ஒரு தட்டுத் தட்டினார். நான் காலை எடுக்கவில்லை. இரண்டாவது தட்டு, கொஞ்சம் பலமாக. எடுக்கவில்லை. விரலை மட்டும் ஆட்டி, "முடியாது" என்று சொன்னேன். பட்டாளத்துக்காரருக்கு ஒன்று மட்டும் தெரியும், அடித்தாலும் நகராதவன் ஏதோ காவலில் நிற்கிறான். சத்தமில்லாமல் நாற்காலியைக் கொண்டுவந்து கதவிடுக்கில் வைத்து, என் பாதத்தை இரண்டு தட்டுத் தட்டினார். காவல் மாற்றம். பிறகு, பேச்சு காதில் விழாதபடி முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய், மிச்ச நேரமெல்லாம் அறை வாசல் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

நாற்பது நிமிஷம். ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. "ஒருவுவார்" என்று டாக்டரிடம் விடைபெற்றுவிட்டு மதாம் காலை நீட்டினார், என் தலையில் பட்டது. அந்த அலறல் கெஸ்ட் ஹவுஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

பெட்டி, கதவு, வெள்ளித்தாள் எல்லாம் விளக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷம் வந்தது, பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டுமாம். 'அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.'

"போட்டுடு கிளேர். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் முசே.

"நான் காதைப் பொத்திக்கிட்டிருந்தேன் மதாம்" என்றேன்.

"ரெண்டையுமா?"

"ஒரு கை... மேசைக் காலைப் புடிச்சிருந்தது."

"அப்போ ஒரு காது கேட்டிருக்கு" என்றார். மவுஸின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். "வைத்தியத்துக்கு வந்த அந்தம்மா என்னை நம்பித்தான் எல்லாத்தையும் சொல்லுச்சு. முதல் பொய்யை அதுகிட்டயே ஆரம்பிக்கச் சொல்றீங்களா?" டிக் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார், சாக்ஸ் ஓட்டையைத் தவிர.

கட் ஆகி வேலை போவதற்குப் பதில், கட் ஆகாமலேயே வேலை போய்விடும் போல ஆகிவிட்டது. காரணம் நான். அடுத்த இரண்டு நாளும் அங்கேயே இருந்தேன். நீளமான டிரில் கொண்டுவந்து இரண்டு முழச் சுவரைத் துளைத்து, கூடத்துப் பெட்டிக்கும் அறைப் பெட்டிக்கும் நடுவில் கேபிளே இழுத்துவிட்டேன். இனிக் காற்று வழி வேண்டாம், கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கவலையில்லை. பிறகு மதாமை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, நான் முற்றத்தில் நின்று, ஒரு மணி நேரம் அவர் தங்கை வீட்டோடு வீடியோ பேசச் சொன்னேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஆபீஸ் படிவத்தில் 'கோளாறின் காரணம்' என்ற இடத்தில் மின்சாரம், கேபிள், கருவி, மற்றவை என்றுதான் இருந்தது. 'மற்றவை' போட்டு, "மரியாதை" என்று எழுதினேன். கலியபெருமாள் சார் படித்துவிட்டு, "வாடா ஏழுமலை" என்றார். உயிர் வந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. முசே அந்த்ரே ஸ்கூட்டரில் என் வீட்டுக்கே கொண்டுவந்தார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மதாம் வேலையில் தொடரலாம், ஆனால் அறையில் இருந்த அந்த நபர் இணைத்திருக்கும் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். இரண்டு பக்கம், முழுக்கப் பிரெஞ்சு. ஒரு எழுத்தும் புரியவில்லை. முசே படித்துச் சொன்னார், நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் அன்றைக்கு அந்தக் காதில் என்ன விழுந்தது என்று தம்பிகள் யாரும் கேட்காதீர்கள். என் வீட்டுக்காரியே கேட்டுப் பார்த்துவிட்டாள், மூன்று நாள் குழம்பில் உப்பில்லாமல் போட்டும் பார்த்துவிட்டாள். எங்கள் குடும்பத்திடம் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு தடவைதான் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். முதல் தடவை அப்பா மீன் வாங்கப் போய்விட்டார். இந்தத் தடவை நான் போட்டுவிட்டேன்.